கொஞ்சம் என்றால் எத்தனை விரல்

என் மகள் நீலாயதாட்சி வருடத்துக்கு நான்கு விரல் குறைந்துகொண்டு வருகிறாள். உயரத்தில் இல்லை. அகலத்தில்.

முதல் வருடம் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமான புதிதில் பெண்கள் இளைப்பது வழக்கம்தான் என்றார்கள். இரண்டாம் வருடம் பொங்கலுக்கு வந்தபோது எங்கள் வீட்டு இரும்பு கேட்டைத் திறக்காமல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே வந்தாள். பையை மட்டும் கேட்டுக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள்.

"கேட்டைத் தொறந்துட்டு வரக்கூடாதாம்மா?" என்றேன்.

"எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம்" என்றாள்.

இது மூன்றாம் வருடம். புகுந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்துகிறாளாம். சம்பந்தி அதைப் பெருமையாகவே சொன்னார். "ஒரு தொந்தரவு கெடையாது. வீட்ல ஒரு ஆள் இருக்கறதே தெரியலை" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை என்று என் மனைவி ரேணுகா சொல்கிறாள்.

நான் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். நாகூர், திருவாரூர் ரூட். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளை உட்காரவைப்பது என் தொழில். அதற்கு ஒரே வார்த்தைதான். அட்ஜஸ்ட். நான்காவது ஆள் எனக்கு நன்றி சொல்வார். மூன்றாவது ஆள் என்னை முறைப்பார். ஜன்னலோரத்து ஆள் தூங்குவதுபோல நடிப்பார். முப்பத்தொரு வருடத்தில் இந்த மூன்று முகங்களைத் தவிர வேறு முகத்தை நான் பார்த்ததில்லை.

நீலா போன் செய்தது அவளுக்குக் கல்யாணமான நாற்பதாவது நாள். பகல் பதினொன்றரை மணி. வண்டி கீழ்வேளூரைத் தாண்டியிருந்தது.

"அப்பா, இங்க எனக்கு உக்கார எடமில்லைப்பா. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"சரிப்பா."

அதை நான் நீலாவிடம் சொல்லவில்லை. மீன்கூடையோடு பஸ்ஸில் நின்ற ஓர் அம்மாவிடம் சொன்னேன். போன் காதில் இருந்ததால் நீலாவுக்கும் கேட்டுவிட்டது. மூன்று வருடமாக ரேணுகாவிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன்.

"யார்கிட்ட சொன்னா என்ன? சொன்னது நீங்கதானே" என்றாள் ரேணுகா. "போய் அந்த வார்த்தையத் திரும்ப வாங்கிட்டு வாங்க. இன்னும் நாலு விரல் போச்சுன்னா புள்ளைய கண்ணால பாக்க முடியாது."

அதனால் செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினேன். சட்டைப் பையில் பழைய விசிலைப் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அது இல்லாமல் வெளியே போனால் எனக்குப் பேச்சு வராது.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் அலுவலகம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று தளம். கீழ்த்தளத்தில் 'பொறுத்துப் போ' பிரிவு. முதல் மாடியில் 'அனுசரித்துப் போ' பிரிவு. இரண்டாம் மாடியில் 'பண்ணு' பிரிவு. இங்கிலீஷிலிருந்து வந்த வினைச்சொற்கள் எல்லாம் இரண்டாம் மாடிதான்.

கீழ்த்தளத்தைத் தாண்டும்போது என் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அம்மா இறந்து பதினாறு வருடமாகிறது. என் அக்காவிடம் சொன்னதைத் திரும்ப வாங்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு முன்னால் நீளமான வரிசை இருந்தது. கூப்பிட்டால் வரிசையில் அவள் இடம் போய்விடும். கூப்பிடாமல் படியேறினேன்.

இரண்டாம் மாடியில் ஒரு நடைவழி இருந்தது. நடைவழி முழுக்க ஒரே பெஞ்சு. அதன் இந்த முனை படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த முனை தெரியவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் 'நடைவழியில் நடக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. படிக்கட்டுக்கு எதிரே ஒரு கவுண்டர். அதற்குள் எழுத்தர் குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி மிகவும் தாழ்ந்திருந்ததால் ஒரு காலை மடக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மேஜைக்கு மேலே தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்காலிய ஏத்திக்கலாமே சார்" என்றேன்.

"நாற்காலி ஏறாது. அதுக்கு ஏத்த மாதிரி நான் ஏறிப்பேன்" என்றார். "உக்காருங்க. கூப்பிடுவேன்."

பெஞ்சின் முனையில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். அவர் பக்கத்தில் அரைச் சாண்கூட இடமில்லை. நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அவர் நகர்ந்தார். அவர் நகர்ந்ததால் பக்கத்து அம்மா நகர்ந்தார். அப்படியே பெஞ்சு முழுக்க வரிசையாக நகர்ந்துகொண்டே போனது. வெகுதூரத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கேயோ ஃபைல் கட்டு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு நான்கு விரல் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

ஒல்லியானவர் பெயர் சூசைராஜ். வேளாங்கண்ணிக்காரர். நண்பரின் கிரகப்பிரவேசத்துக்கு 'ட்ரை பண்றேன்' என்று சொல்லியிருந்தாராம்.

"வர மாட்டேன்னு அர்த்தம்" என்றார். "நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியலை. ஆறு வருஷமா எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, உக்காந்திருக்கான். அந்த வீட்டுல இன்னும் யாரும் சாப்பிடலை."

"போயிட்டு வந்துடலாமே?"

"ட்ரை பண்றேன்னு சொன்னவன் எப்படிப் போறது?"



பிறகு மூன்று பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் முனையில் இருப்பவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் பெஞ்சு நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் தூரத்தில் 'தொப்' கேட்டது. ஒவ்வொரு முறையும் சூசைராஜ் கொஞ்சம் மெலிந்தார். மூன்றாவது முறை அவர் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபுல்ஸ்கேப் தாள் அளவுக்கு வந்திருந்தார். குஞ்சிதபாதம் எழுந்து வந்து அவரை எடுத்து, இரண்டாக மடித்து, ஓர் ஓரத்தில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தார்.

"இவரு மனுவே குடுக்கலியே சார்" என்றேன்.

"இவரேதான் மனு" என்றார் குஞ்சிதபாதம். "தியாகேசன் யாரு? நீங்களா? வாங்க."

கவுண்டருக்குப் போனேன். அவர் படிவத்தை எடுத்தார்.

"சொல்?"

"அட்ஜஸ்ட்."

"அது தனியா வராது. கூட யாரு வந்தா?"

"புரியலை சார்."

"இங்கிலீஷ் வினைச்சொல்லு தமிழ்ல கால் வைக்கணும்னா பக்கத்துல பண்ணு நிக்கணும். ஃபோன் பண்ணு. வெயிட் பண்ணு. லவ் பண்ணு. தனியா நிக்கிற தெம்பு ஒண்ணுக்கும் கெடையாது. உங்க சொல்லோட வந்தது பண்ணுவா, பண்ணிக்கோவா?"

"பண்ணிக்கோ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"பண்ணுன்னு சொல்லியிருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும் சார். பண்ணுன்னா எதை வேணாலும் பண்ணலாம். ஃபேன, கண்ணாடிய, மாமியார. பண்ணிக்கோன்னு சொல்லிட்டீங்க. அப்படின்னா அவங்க தன்னைத்தானே பண்ணிக்கணும். வேற வழியே வெக்கலை நீங்க."

இரண்டே இரண்டு எழுத்தைக் கூடுதலாகச் சொல்லிவிட்டேன் என்பது போல அவர் பேசினார். முப்பத்தொரு வருடத்தில் அதை எத்தனை லட்சம் முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

"அளவு?"

"அளவா?"

"கொஞ்சம்னு சொல்லியிருக்கீங்க. கொஞ்சம்னா எத்தனை விரல்?"

"அதெல்லாம் யாரு சார் நெனச்சுப் பாத்துச் சொல்றா?"

"நெனக்கலைன்னா நாலு விரல். அதுதான் வழக்கம். வருஷா வருஷம்."

"ஏன் வருஷா வருஷம்? நான் ஒரு தடவைதானே சொன்னேன்!"

"நிறுத்துன்னு சொல்லலியே."

அது சரிதான். விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "அங்கதான் சார் தப்பு நடந்துபோச்சு. நான் என் பொண்ணுகிட்ட சொல்லவே இல்லை. பஸ்ஸுல மீன்கூடையோட ஒரு அம்மா நின்னாங்க. வண்டியில அன்னிக்கு எள்ளு போட எடமில்லை. அவங்ககிட்ட சொன்னேன். என் பொண்ணு தனக்குன்னு எடுத்துக்கிட்டா. ஆள் மாறிப்போச்சு. அதைத் திருத்தித் தந்தாப் போதும்."

"நல்லது" என்றார் குஞ்சிதபாதம். பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். கீழ்த் தட்டில் மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் பாக்கியம். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்து மீன். ஆனாலும் புதிதாகவே இருந்தது.

"இவரு உங்ககிட்ட அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னாராம்மா?"

"எங்கிட்டயா?" என்றார் பாக்கியம். "எங்கிட்ட எதுக்குச் சொல்றாரு? அன்னிக்கி வண்டியில மொத்தமே ஆறு பேரு. நான் முழு சீட்டுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல கூடைக்கும் தனி எடம். இவரு முன்னாடி நின்னு போன் பேசிக்கிட்டிருந்தாரு."

"என்ன பேசினாரு?"

"போன்ல ஒரு புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. இவரு அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னாரு. சட்டுனு போனை வெச்சுட்டாரு. அப்புறம் என்னைப் பாத்து, எறங்கறது எங்கம்மான்னு கேட்டாரு. அதுவரைக்கும் அவரு என்னைப் பாக்கவே இல்லை."

குஞ்சிதபாதம் பீரோவை மூடினார்.

வண்டியில் ஆறு பேர்தான். எனக்கு எப்போதும் தெரியும். காலி வண்டி. ஒரு சத்தமும் இல்லை. அவள் சொன்ன ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. கூட்டிக்கொண்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே ஒரு நொடி. பிறகு வாய் தானாகத் திறந்தது. மீன்கூடையை அந்தப் பேச்சுக்குள் நான் பிறகுதான் ஏற்றினேன். ஒவ்வொரு வருடமும் கூட்டத்தையும் கொஞ்சம் ஏற்றினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பொண்ணுகிட்டதான் சார் சொன்னேன்" என்றேன்.

"அப்படியே எழுதிக்கறேன்" என்றார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "அடுத்தது. எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

"எத்தனை இருக்கு?"

அவர் சொல்லின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பிரித்தார். அது மேஜையைத் தாண்டி, கவுண்டரைத் தாண்டி, என் செருப்பு வரைக்கும் வந்தது.

"பொறந்தது லத்தீன்ல. யுக்ஸ்தான்னா பக்கத்துல. பக்கத்துல கொண்டாந்து வெக்கிறது. அவ்வளவுதான் அதோட வேலை. நல்ல கொழந்தையா இருந்திருக்கு. அப்புறம் பிரான்சுக்குப் போச்சு. அங்க யுஸ்துஸ்னு இன்னொரு குடும்பம். நியாயம்னு அர்த்தம். ரெண்டுக்கும் சாடை ஒண்ணு. ஜனங்க கொழப்பிக்கிட்டாங்க. இது நியாயத்தோட புள்ளன்னு நெனச்சுட்டாங்க. அதுவும் மறுக்கலை. இன்னிவரைக்கும் நெறைய பேரு அப்படித்தான் நெனக்கிறாங்க."

"அப்ப நியாயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"சாடை மட்டும்தான். அப்புறம் லண்டன். அங்க தராசு, கடிகாரம், தொப்பி, கண்ணாடி, எல்லாத்தையும் சரியா வெக்கிற வேலைல சேந்துச்சு. ஆளுங்கள ரொம்பத் தொந்தரவு பண்ணலை. பொருளைத்தான் நகத்துச்சு. கப்பலேறி நம்ம பக்கம் எறங்குச்சு. தனியா நின்னுச்சு. பண்ணு போய்க் கூட்டிட்டு வந்துச்சு. பின்னாடியே, பண்ணிக்கொள்ளுல வர்ற அந்தக் கொள்ளும் வந்து ஒட்டிக்கிச்சு. அன்னிலேர்ந்து பொருள் நகர்றதில்லை. நாற்காலி அப்படியே இருக்கும். ஆளுதான் நகரணும்."

அவர் மடக்கியிருந்த காலை எடுத்து, மற்றக் காலை மடக்கிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க என்ன சார் பண்ணாங்க?"

"அதுக்குத்தான் கீழ ரெண்டு மாடி இருக்கே. எந்த அர்த்தம், சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்."

சான்றிதழைக் குனிந்து பார்த்தேன். முதல் வரி என் கால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்டக்டர் மூளை. சில்லறை இல்லாதபோதுதான் அது வேலை செய்யும்.

"பொறந்த அர்த்தத்துலயே சொன்னேன் சார். எம்பொண்ண எம்பக்கத்துல கொண்டாந்து வெக்கணும்."

குஞ்சிதபாதம் என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படி யாரும் கேட்டதில்லை" என்றார். "ஆனா கேக்கலாம். விதி இருக்கு."

முத்திரை குத்தினார். அழுதுவிடுவேன் போலிருந்தது. ரேணுகாவுக்கு போன் செய்யலாமா என்று நினைத்தேன். நீலா வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"போய்ப் பெஞ்சு முனைல உக்காருங்க. மனு முடியற வரைக்கும் நீங்க எழுந்திரிக்கக் கூடாது. எழுந்தீங்கன்னா மனு ரத்து. உங்க பொண்ணு இருந்த எடத்துக்கே போயிடுவாங்க. அந்த ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல."

பெஞ்சுக்கு வந்தேன். நான் எழுந்த இடம் மூடியிருந்தது. முனையில் இப்போது ஒரு தலைமையாசிரியர் இருந்தார். மனைவியிடம் 'அப்புறம் டிஸ்கஸ் பண்ணலாம்' என்று சொன்னவர். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இனிமேல் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன். அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். எல்லோரும் நகர்ந்தார்கள். நான் உட்கார்ந்தேன். தூரத்தில் 'தொப்'.

குஞ்சிதபாதம் போனை எடுத்தார். "கடைசி எடம் காலி. அந்தப் பொண்ணைக் கொண்டாந்து உக்கார வெச்சுடுங்க" என்றார்.

"சார், அது என்ன சத்தம்?" என்று உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"எது?"

"தொப்புனு."

"பெஞ்சோட கடைசி ஆளு விழற சத்தம். இங்க ஒருத்தர் உக்காந்தா அங்க ஒருத்தர் விழணும் இல்லையா? பெஞ்சு நீளாது. நடைவழிதான் நீளும்."

"விழுந்தவங்க?"

"கீழ் மாடிக்குப் போயிடுவாங்க. அனுசரித்துப் போ. அங்கேயும் கடைசி எடம் வந்தா அதுக்கும் கீழ. அங்கேர்ந்து மேல வர்றதுக்கு அவங்களுக்குப் படி கெடையாது."

காலையிலிருந்து ஐந்து முறை கேட்டிருந்தேன். அதில் இரண்டு என்னால்.

"எம்பொண்ணு எங்க சார் உக்காந்திருக்கா?"

"சொன்னேனே. கடைசி எடத்துல. அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு."

"பக்கத்துல கொண்டாந்து வெக்கச் சொன்னேனே!"

"ஒரே பெஞ்சுதானே சார்" என்றார் குஞ்சிதபாதம்.

எட்டிப் பார்த்தேன். தோள்கள்தான் தெரிந்தன. தோள்களுக்குப் பிறகு தோள்கள். நடைவழி காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். "சார், கடைசில எம்பொண்ணு இருக்கா. நீலான்னு பேரு. அப்பா இந்த முனைல இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க."

அவர் பக்கத்தில் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். என் மகளின் பெயர் பெஞ்சு நெடுகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க உங்க பொண்ணு" என்றார் தலைமையாசிரியர்.

வேறு யாராகவும் இருக்க முடியாது. நீலாதான்.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க. அவளை நல்லா உள்ள தள்ளி உக்காரச் சொல்லுங்க."

பதில் வந்தது. "உள்ள எடமில்லையாம். பரவாயில்லையாம்."

அப்போது படியில் சத்தம் கேட்டது. ஒருவர் ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும். வலது காலில் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். நல்ல மனிதர்போலத் தெரிந்தார்.

"சார்" என்றார். "கால் முடியலை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நாலு விரல் போதும்."

தலைமையாசிரியர் நகரத் தயாரானார். அவருக்கு அடுத்தவரும் தயாரானார். பெஞ்சு முழுக்க உடம்புகள் இறுகும் சத்தம் ஓடியது.

"முடியாது" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வேலையில் சேர்ந்த பிறகு சொன்னதே இல்லை. வாய்க்குள் அது புதிய செருப்பாகக் கடித்தது.

"என்ன சார்?" என்றார் மாவுக்கட்டுக்காரர்.

"முடியாதுங்க. நான் நகந்தா எம்பொண்ணு விழுந்துடுவா."

"உங்க பொண்ணு எங்க இருக்காங்க?"

"தெரியலை. கடைசில."

"என்ன மனுஷன்யா நீ?" என்று பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார். "கால் ஒடஞ்சு நிக்கிறாரு. நாலு விரல்தானே கேக்குறாரு" என்றார் ஓர் அம்மா. "வயசான காலத்துல இவ்வளவு பிடிவாதம் ஆகாது" என்றார் தலைமையாசிரியர். பேச்சு பெஞ்சு நெடுகப் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது என்னைப் பற்றி நிறைய சேர்ந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தாமல் போனது, மாணவிகளைப் படியிலிருந்து இறக்கிவிட்டது, எல்லாம். அதில் பாதி உண்மை.

நான் எழுந்து என் இடத்தைக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். குஞ்சிதபாதத்தைப் பார்த்தேன்.

"எழுந்தா ரத்து" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

நகர்ந்தால் விழுவாள். எழுந்தால் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே போவாள். இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். விரல் வெளுத்தது. மாவுக்கட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை லேசாகத் தூக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் படியில் இன்னும் இருவர் ஏறி வரும் சத்தம் கேட்டது.

விசிலை எடுத்தேன். ஒரே ஊதல். நீளமாக. ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும். நடைவழி முழுக்க எதிரொலித்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏறி வந்த காலடிச் சத்தமும் நின்றது. மூன்று வருடம் முன்னால், கீழ்வேளூரைத் தாண்டி, ஆறு பேர் மட்டும் இருந்த வண்டியில் நான் அடித்திருக்க வேண்டிய விசில் அது. அடித்து, இறங்கி, எதிர் வண்டி பிடித்துப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

பிறகு காலடிச் சத்தம் மறுபடி கேட்டது. விசில் அடித்தால் நிறுத்துவதற்கு ஒரு டிரைவர் வேண்டும்.

"சார்" என்று தலைமையாசிரியரின் கையைப் பிடித்தேன். "எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க. கெட்டியா புடிச்சுக்கச் சொல்லுங்க. அப்பா நகர மாட்டேன்னு சொல்லுங்க. யாரு வந்தாலும் நகர மாட்டேன். அன்னிக்கி நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

அவருக்கு என்மேல் கோபம்தான். ஆனாலும் சொன்னார். அடுத்தவர் அடுத்தவரிடம் சொன்னார். கெட்டியா புடிச்சுக்கோ. அப்பா நகர மாட்டாரு. அன்னிக்கி சொன்னது தப்பு. ஆண் குரலில், பெண் குரலில், அழுத்தமாக, அலட்சியமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அது போய்ச் சேரும் தூரத்தை எண்ணினேன். திருவாரூர் வரைக்கும் போய் வரலாம், அவ்வளவு நேரம் ஆனது.

மாவுக்கட்டுக்காரர் ஒரு முறை கால் மாற்றி நின்றார்.

பதில் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் முணுமுணுப்பாகத் தொடங்கி, ஒவ்வொரு வாயாகக் கிட்டே வந்தது. ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து, நிம்மதியாக மூச்சு விட்டார்கள். தலைமையாசிரியர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரல் இப்போது கனிவாக இருந்தது.

"உங்க பொண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றார். "அந்தப் பெரியவருக்குக் கால் வலிக்குமாம். பாவமாம். பரவாயில்லைப்பா, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்னு சொல்றாங்க."

"வேணாம்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். "வேணாம்னு சொல்லுங்க சார்!"

அவர் பக்கத்தில் சொன்னார். வேணாம் என்ற வார்த்தை கிளம்பிப் போனது.

அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. பெஞ்சு தளர்ந்தது. அந்த முனையிலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். தலைமையாசிரியர் நகர்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் மரம் தெரிந்தது. சரியாக நான்கு விரல். 'தொப்' கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவே இல்லை. சத்தம் போடும் அளவுக்கு அவள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

குஞ்சிதபாதம் படிவத்தில் ஏதோ எழுதி, ஊதிக் காயவைத்து, ஃபைலில் வைத்தார்.

மாவுக்கட்டுக்காரர் எனக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவில் மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டி வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார். "இப்ப உங்களுக்கும் வசதியாத்தானே இருக்கு?"

இருந்தது.